விலாசம் நம் கையில் இருக்கட்டும்



நம் தொழிலில் விலாசம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கடை இருக்கும் தெருவும் கதவு எண்ணும். மற்றொன்று, கடையின் பெயர். மூட்டையில் மை தொட்டு எழுதும் இரண்டு மூன்று எழுத்துதான் அது. அந்த எழுத்தைப் பார்த்ததுமே லாரி ஆபீசில் சுமை இறக்குகிறவர் இது யாருடைய சரக்கு என்று சொல்லிவிடுவார். வாங்குகிறவர் மூட்டையைப் பிரிக்காமலே சரக்கு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். தகப்பனார் காலத்தில் சொத்துப் பிரிக்கும்போது வீட்டையும் கிட்டங்கியையும் விட, விலாசம் யாருக்கு என்பதில்தான் பேச்சு நீளும்.

இன்று இணையத்தில் கடை வைக்கிறவர்கள் முதலில் எடுக்கும் பெயரை டொமைன் என்கிறார்கள். அதற்கு விலாசம் என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் நமக்குத் தோன்றவில்லை. அது முகவரியாகவும் இருக்கிறது, பெயராகவும் இருக்கிறது. ஆனால் கடைப் பலகைக்குப் பெயர் வைக்க நாள் நட்சத்திரம் பார்த்துப் பத்துப் பேரைக் கலந்து பேசும் நாம், இந்த விலாசத்தை மட்டும் யாரோ ஒரு பையனிடம், “நீயே நல்லதாகப் பார்த்துப் போடப்பா” என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடலாகாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்களுக்கு நேர்ந்தது

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்துவந்த நாங்கள், 2015-ல் மசாலாப் பொடி பாக்கெட் போடத் தொடங்கினோம். பாக்கெட்டில் அச்சிட ஒரு இணைய விலாசம் வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். தெரிந்த இடத்துப் பையன் ஒருவர் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. கவரிலும், காலண்டரிலும், பில் புத்தகத்திலும் அந்தப் பெயரை அச்சடித்தோம்.

அந்தப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கைப்பேசி எண்ணில்தான் பதிவாகியிருந்தது. அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டார். பிறகு வேலை கிடைத்து வெளியூர் போனார், எண்ணையும் மாற்றிக்கொண்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் யாரும் திறக்காத அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தன. 2019-ல் கெடு முடிந்தது.

நாங்கள் அதை அறிந்ததே சிவகாசியில் உள்ள பழைய வாடிக்கையாளர் சொல்லித்தான். “அண்ணாச்சி, தொழிலை மாத்திட்டீங்களா? உங்க பேரைத் தட்டினா சீட்டாட்ட விளம்பரம்ல வருது!” என்றார். பெயரை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். ஊர் தெரியாது, ஆள் தெரியாது. எழுதிக் கேட்டதற்கு ஒன்றரை லட்சம் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. கையிருப்பில் இருந்த இருபதாயிரம் கவரில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கே ஒரு மாதம் போனது. ஏற்கெனவே கடைகளுக்குப் போன பாக்கெட்டை என்ன செய்ய முடியும்? எங்கள் பெயரை நம்பி வாங்கிய வீட்டுப் பெண்கள் அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் பண நஷ்டத்தைவிட மனத்தை உறுத்தியது. வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் கட்டத் தவறியதற்கு நாங்கள் கொடுத்த விலை இது.

மூன்றும் வேறு வேறு

இதில் உள்ள கணக்கை நாம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். இணையக் கடைக்கு மூன்று செலவு. முதலாவது பெயர். இரண்டாவது, தகவல்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இட வாடகை. மூன்றாவது, கடை ஜோடனை. அதாவது படம் போடுவது, விலைப்பட்டியல் அமைப்பது. இந்த மூன்றையும் ஒரே பில்லில் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. ஒரே பில்லாக இருந்தாலும் மூன்றும் வேறு வேறு என்பதை மறக்கலாகாது. இடமும் ஜோடனையும் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். பெயர் கைவிட்டுப் போனால் எல்லாம் போயிற்று.

1996-ல் சென்னையில் கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். தெரு மாறியது, கடை எண் மாறியது. ஆனாலும் வியாபாரிகள் விலாசத்தைக் கையோடு கொண்டுபோனார்கள்; வாடிக்கையாளர் தேடி வந்தார்கள். இணையத்திலும் அதே கதைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயரை வாங்கினேன் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் யாரும் வாங்குவதில்லை. குத்தகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். டாட் காம் பெயரை ஒரு தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்கு எடுக்கலாம். கெடு முடிந்த பிறகு பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை கிடைக்கலாம். அதன்பின் கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள். பின்னும் 5 நாள் கழித்து, முந்துகிறவருக்கு அந்தப் பெயர். இவ்வளவு நாள் பொறுக்காமல் முன்னதாகவே ஏலம் போடும் பதிவு நிறுவனங்களும் உண்டு.

யானைக்கும் அடி சறுக்கும். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் திண்டாடினார்கள். வெளியார் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். 2015 செப்டம்பரில் கூகுள் டாட் காம் என்ற பெயரே 12 டாலருக்கு ஒருவருக்கு விற்பனையாகி, ஏறக்குறைய ஒரு நிமிடம் அவர் பேரில் இருந்துவிட்டு ரத்தானது. அவர்களைத் தாங்க ஆள் இருந்தது. நம் போன்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

பெயர் எப்படி இருக்க வேண்டும்?

பிள்ளைகளைக் கேட்டால் புதுமையாக இருக்க வேண்டும் என்பார்கள். நம் கருத்து வேறு. ஒரு தடவை சொன்னால் கேட்பவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். இதுதான் முதல் இலக்கணம்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. நினைத்திருக்கும் பெயரை வெளியூர் வாடிக்கையாளர் ஐந்து பேரிடம் தொலைபேசியில் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லுங்கள். ஐவரும் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயரை எடுங்கள். மூன்று விதமாக எழுதினால் விட்டுவிடுங்கள். செலவில்லாத சோதனை இது. அச்சகத்துக்குப் போகும் முன் செய்ய வேண்டியது.

இந்தச் சோதனை நமக்கு ஏன் அவசியம் என்றால், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரே வழி கிடையாது. மளிகை என்ற சொல்லில் ‘எல்’ எழுத்தை ஒன்று போடுவார் ஒருவர். இரண்டு போடுவார் இன்னொருவர். அது மல்லிகைப் பூக்கடை ஆகிவிடும். வெல்லத்தை எழுதினாலும் வெள்ளத்தை எழுதினாலும் ஆங்கிலத்தில் ஒன்றுதான். கடை என்று எழுதினால் வடக்கே உள்ளவர் கடாய்ச் சட்டி என்று படிப்பார். ழகரம் வந்தால் ‘இசட் எச்’ என்பாரும் உண்டு, ‘எல்’ போதும் என்பாரும் உண்டு. ஸ்ரீ என்ற ஓர் எழுத்தையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். ஸ்ரீ போட்ட கடை நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சாமி பெயரையோ பெரியவர் பெயரையோ விடச் சொல்லவில்லை. அது நம் மனத்துக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். அப்போது முன்னும் பின்னும் எழுத்தைக் கூட்டிக்கொண்டு போகாமல், ஊர்ப் பெயரைச் சேர்ப்பது நல்லது. ஊர்ப் பெயரை எல்லோரும் பிழையில்லாமல் எழுதுவார்கள். எந்தக் கடை என்ற குழப்பமும் இராது. ஊர்ப் பெயர் நீளமானால் விலாச எழுத்து இரண்டு மூன்றோடு சரக்கின் பொதுப் பெயரைச் சேர்க்கலாம்.

எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நம்மிடையே வழக்கம். பலகையில் கூட்டிக்கொள்ளுங்கள், பாதகமில்லை. தெருவில் நடப்பவர் கடையைப் பார்த்து உள்ளே வருவார். இணையத்தில் ஓர் எழுத்து கூடினால் அது வேறொருவர் வாசல். வாடிக்கையாளர் வழக்கமான எழுத்தைத்தான் தட்டுவார். கூட்டிய எழுத்து அவர் நினைவில் நிற்காது.

எண்களையும் நடுக்கோட்டையும் தவிர்ப்பது நலம். பெயரில் நாலு என்று வந்தால் எண்ணாகப் போடுவதா, எழுத்தாகப் போடுவதா என்ற குழப்பம் வரும். நடுக்கோட்டைச் சொல்ல மறப்பார்கள், போடவும் மறப்பார்கள். இணையப் பெயரில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விட முடியாது என்பதால், சேர்த்து எழுதும்போது வேறு அர்த்தம் தொனிக்கிறதா என்று படித்த பிள்ளைகள் இருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரே சரக்கின் பெயரில் மாட்டிக்கொள்ளவும் கூடாது. இன்று வத்தல் வியாபாரம் என்று வத்தலை வைத்துப் பெயர் எடுத்தால், நாளை எண்ணெயும் பருப்பும் போடும்போது பெயர் இடிக்கும்.

வால் எது?

பெயருக்குப் பின்னால் வரும் வால் எதுவாக இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். டாட் காம் 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. யாரும் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான். டாட் இன் நம் நாட்டுக்கு உரியது. நிக்ஸி என்று அழைக்கப்படும் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. 2005 முதல் அது எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கிறது. உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் போதும். ஆனாலும் இயன்றால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். நாம் டாட் இன் எடுத்து, அடுத்த ஊர்க்காரர் அதே பெயரில் டாட் காம் எடுத்தால், நாம் செய்யும் விளம்பரத்தில் பாதி அவருக்குப் போகும். டாட் கோ என்பது கொலம்பியா நாட்டின் குறியீடு. மலிவாகக் கிடைத்தாலும் வாங்குகிறவர் கைப்பழக்கத்தில் ‘எம்’ சேர்த்து வேறு கடைக்குப் போய்விடுவார்.

முதல் வருடம் 99 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாம் வருடம் என்ன விலை என்று கேளுங்கள். விதைக்குத் தள்ளுபடி கொடுத்து விளைச்சலில் பிடிக்கிற கதை அது.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா என்று முடியும் பெயரும் எடுக்கலாம். இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அவ்வாறே தமிழ் எழுத்தில் உண்டு. பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி நடக்கும் நமக்கு இது பெருமைதான். ஆனால் தமிழ் எழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரியை எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே ஆங்கில எழுத்துப் பெயரோடு கூட இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் பெயர் வேண்டாம்

பெரிய கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்தால் வியாபாரம் ஓடும் என்று நினைப்பவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனம் சிஃபி என்ற சொல்லை உருவாக்கி 1999-ல் சில இணையப் பெயர்களைப் பதிவு செய்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ‘எஃப்’ எழுத்து ஒன்றைக் கூட்டி அதே ஓசையில் பெயர் வைத்தது. கீழ்க்கோர்ட் தடை விதித்தது. ஐகோர்ட் அதை நீக்கியது. 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தடையை உறுதி செய்தது. இணையப் பெயர் வெறும் முகவரி மட்டுமல்ல, வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதே தீர்ப்பு நமக்கும் கவசம். ஆனால் நம் பெயர் நம்முடையது என்பதற்குச் சான்று வேண்டும். வணிகச் சின்னப் பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பம் இணையவழியே செய்யலாம். தனிநபருக்கும், உத்யம் சான்று உள்ள சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். கிடைத்த பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். டாட் காம் பெயரைப் பிறர் கெட்ட எண்ணத்தோடு எடுத்தால் ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் முறையிடலாம். குறைந்தபட்சக் கட்டணமே 1,500 டாலர். அந்தத் தொகையை முன்னதாகப் பெயரைக் காப்பதில் செலவிட்டால் நம் காலம் முழுவதுக்கும் போதும்.

சாவி யாரிடம்?

பெயரை நல்லபடி தேர்ந்தெடுத்தும் எங்களைப்போல் இழக்காதிருக்கச் சில யோசனைகள்.

பதிவைக் கடை முதலாளி பேரில், முதலாளியின் கைப்பேசி எண்ணில், முதலாளியின் மின்னஞ்சலில் செய்ய வேண்டும். வேலை செய்து தருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும். பணம் நம் கணக்கிலிருந்து போகட்டும். பில் நம் ஜி.எஸ்.டி. எண்ணில் வரட்டும். அந்த மின்னஞ்சல் நம் இணையப் பெயரிலேயே முடிவதாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். எச்சரிக்கைக் கடிதம்கூட வந்து சேராது. இது சிறிய விஷயம்போல் தோன்றும். பலர் சறுக்குவது இங்கேதான்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை வைத்துக்கொண்டாலும், கெடுத் தேதியைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், எடைக் கல் முத்திரை, தீ இன்ஷூரன்ஸ் இவற்றோடு இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். கடவுச்சொல்லை ஒரு உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

கூட்டு வியாபாரம் செய்கிறவர்கள் பங்குதாரர் பத்திரத்தில் இணையப் பெயரையும் குறிப்பிட வேண்டும். அண்ணன் தம்பி பிரியும்போது கிட்டங்கிக்கும் வண்டிக்கும் எழுதுகிறோம்; இதையும் எழுதாவிட்டால் யார் கைப்பேசியில் சாவி இருக்கிறதோ அவருடையதாகிவிடும். பிறகு கோர்ட் வாசல்தான்.

உங்கள் பெயருக்குக் கெடு முடிகிறது, உடனே பணம் கட்டுங்கள் என்றும், உங்கள் பெயரைச் சீனாவில் வேறொருவர் பதிவு செய்யக் கேட்கிறார், நீங்கள் முந்துங்கள் என்றும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதம் வரும். பதறிப் பணம் கட்ட வேண்டாம். நாம் பதிவு செய்த இடத்தில் நேரடியாகப் போய்த் தேதியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் போதாதா?

நிற்க. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது, பெரிய கம்பெனிகளின் ஆப்பில் சரக்குப் போடலாம், தனிப் பெயர் எதற்கு என்று கேட்கும் அன்பர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். தெருவுக்குள் சில்லறை வியாபாரம் செய்யும் சிறு கடைக்கு வாட்ஸ்அப்பே தாராளம் என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கெல்லாம் நாம் குடியிருப்பவர்கள். வீட்டுக்காரர் கமிஷனை உயர்த்தலாம், கணக்கை முடக்கலாம், நம் சரக்கைப் பட்டியலின் அடியில் தள்ளலாம். அந்த இடத்தில் நாம் வாதாட முடியாது. பாக்கெட்டில் பெயர் போட்டு வெளியூருக்கு விற்கிறவருக்கும், கடிதத்தில் விலை சொல்லிக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரிக்கும் சொந்த விலாசம் அவசியம்.

மொத்த வியாபாரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்” என்று நம் பேரில் போலி மின்னஞ்சல் அனுப்பும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. நமக்கென்று ஒரே நிலையான விலாசம் இருந்து, அதிலிருந்து மட்டுமே கடிதம் வரும் என்று வாடிக்கையாளருக்குப் பழக்கினால், மாறி வருவதை அவர் சந்தேகப்பட வழியுண்டு. வங்கிகளே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. எல்லா வங்கியும் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் விலாசத்துக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. போலியைப் பிரித்தறிய மக்களுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பதே நோக்கம். வங்கிக்கு வேண்டியது வணிகருக்கும் வேண்டாமா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

உரிமம் புதுப்பிக்கவும், எடைக் கல் முத்திரைக்கும் நம் சங்கம் முகாம் நடத்துகிறது. அதே போல ஆண்டுக்கு ஒரு நாள், இணையப் பெயருக்கும் முகாம் நடத்தலாம் என்பது நம் தாழ்மையான கருத்து. விவரம் தெரிந்த பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்தால் போதும். யார் யார் பெயர் எவர் பேரில் பதிவாகியிருக்கிறது, கெடு எப்போது என்று அன்றைக்கே பார்த்துச் சொல்லிவிடலாம். பெயர் பிறர் பேரில் இருந்தால், அவர் கைக்கு எட்டும் தூரத்தில், நல்ல மனத்தோடு இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடலாம். ஊரைவிட்டுப் போன பிறகு தேடினால் கிடைக்காது என்பதை நாங்கள் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

எங்கள் மசாலாப் பாக்கெட்டில் இப்போது வேறு பெயர் இருக்கிறது. பழைய விலாச எழுத்தோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து எடுத்தோம். ஐந்து வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். ஐவரும் ஒரே மாதிரி எழுதினார்கள். பழைய பெயரைத் தட்டுகிறவர் இன்றைக்கும் ஓரிருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை இழந்தது இழந்ததுதான்.

இதைப் படிக்கும் அன்பர்கள் இன்று கடை கட்டும் முன், தங்கள் இணைய விலாசம் யார் பேரில் இருக்கிறது என்று ஒரு தடவை விசாரித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.